ஹோன் கம்மினால் முதலில் எர்த்தைப் பாருங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். களுவாஞ்சிகுடியில் வசிக்கும் ஒரு தம்பி நாள்தோறும் மட்டக்களப்பு நகரத்துக்குக் காரில் வேலைக்குப் போய் வருகிறார். பத்து வருடத்துக்கு மேல் ஓடிய சிறிய கார். அதன் ஹோன் தொண்டை கட்டியவர் பேசுவதுபோல் ஒலிக்கிறது. மழை நாட்களில் சில வேளை ஒலிப்பதே இல்லை. காத்தான்குடிக்குள் குறுக்கே வரும் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு அது காதில் விழுவதே இல்லை என்கிறார். சத்தமான எயார் ஹோன் ஒன்றையோ, சங்கு வடிவ ஹோன் சோடி ஒன்றையோ வாங்கிப் பழைய வயரிலேயே கொளுவிவிடலாமா, இதை வீட்டு முற்றத்தில் வைத்துத் தானே செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, தாராளமாகச் செய்யலாம். ஒரு காலைப்பொழுது போதும். ஆனால் கடைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இருபத்தைந்து வருடங்களுக்கும் மேலாக வாகன வயரிங் வேலை செய்து வருகிறேன். ஹோன் கம்மிவிட்டது என்று என்னிடம் வந்த வண்டிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஹோனில் எந்தக் குறையும் இருக்கவில்லை. அதற்குப் போய்ச் சேரவேண்டிய மின்சாரம் வழியிலேயே வீணாகிக்கொண்டிருந்தது. அந்த வழியைச் சரிசெய்யாமல் எவ்வளவு பெரிய ஹோனை மாட்டினாலும் ஆறு மாதத்தில் அதுவும் கம்மிவிடும். மழை நாளில் உங்கள் ஹோன் ஊமையாகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே எனக்கு அந்தச் சந்தேகத்தைத் தருகிறது.

வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையில் ஓடும் வண்டிக்கும் மேற்கே உள்ள படுவான்கரையில் ஓடும் வண்டிக்கும் நோய் வேறு. படுவான்கரை வண்டிகளில் வயல் வட்டைச் சேறும் புழுதியும் ஹோனின் வாயை அடைத்திருக்கும். கழுவினால் பாதி சரியாகிவிடும். எழுவான்கரையில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. உப்புக் காற்று வண்டியின் முன்பக்கத்தில்தான் நேரே வந்து மோதுகிறது. ஹோன் இருப்பதும் அங்கேதான். கிறில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால், மூடி எதுவும் இல்லாமல் அது நிற்கிறது. வாடைக்காற்றுக் காலத்தில் வீதியில் நிற்கும் வெள்ளத்தை முன் சக்கரங்கள் வாரி அதன் மேல்தான் அடிக்கின்றன. களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்பு வரை நீங்கள் போகும் பாதை முழுவதும் கடலுக்குப் பக்கத்தில்தான். ஹோனுக்குப் போன மின்சாரம் வண்டியின் தகடு வழியாகப் பட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் இணைப்புத்தான் எர்த். பத்து வருடத்தில் அந்த எர்த் போல்ட் எப்படி இருக்கும் என்பதை நான் பார்க்காமலே சொல்ல முடியும்.

ஹோன் எப்படிச் சத்தம் போடுகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றவை தானாகவே விளங்கும். 1908இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கிளாக்சன் ஹோனில் ஒரு சிறு மோட்டார் பற்சக்கரத்தைச் சுற்றியது. அந்தப் பற்கள் ஒரு மெல்லிய உலோகத் தகட்டை விடாமல் தட்டின. அதை உருவாக்கிய மில்லர் ரீஸ் ஹட்சிசன், அதற்கு முன்பே காது கேளாதவர்களுக்காக மின்சாரக் கேட்கும் கருவியைச் செய்தவர். இன்றைய ஹோனில் மோட்டார் இல்லை, தகடு மட்டும் அப்படியே இருக்கிறது. உள்ளே ஒரு செப்புக் கம்பிச் சுருள் உண்டு. மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகித் தகட்டை இழுக்கிறது. தகடு உள்ளே வந்ததும் ஒரு சிறு தொடுமுனையைத் தள்ளித் திறக்கிறது. மின்சாரம் நிற்கிறது, தகடு துள்ளித் திரும்புகிறது, தொடுமுனை மறுபடி சேர்கிறது. இது ஒரு விநாடிக்கு நானூறு, ஐந்நூறு தடவை நடக்கிறது. அந்தத் துடிப்புத்தான் நம் காதில் விழும் ஒலி.

தகட்டை எவ்வளவு வேகமாக, எவ்வளவு ஆழமாக இழுக்கிறது என்பது சுருளில் ஓடும் மின்சாரத்தைப் பொறுத்தது. சாதாரண 12 வோல்ட் ஹோன் ஒன்று ஏறத்தாழ 3 முதல் 5 அம்பியர் வரை எடுக்கும். இப்போது ஒரு சின்னக் கணக்கு. துருப்பிடித்த ஓர் இணைப்பில் 0.3 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மிகச் சிறிய எண்தான். அதன் ஊடாக 5 அம்பியர் ஓடும்போது 1.5 வோல்ட் அந்தத் துருவிலேயே சூடாகப் போய்விடுகிறது. 12.5 வோல்ட் கிடைக்கவேண்டிய ஹோனுக்கு 11 வோல்ட் கிடைக்கும், அது கம்மத் தொடங்கும். அதே வயரில் நீங்கள் இரண்டு ஹோனைக் கொளுவி 10 அம்பியர் கேட்டால் 3 வோல்ட் போய்விடும். ஒன்றுக்குப் போதாத மின்சாரத்தை இரண்டு பேர் பங்குபோடுவார்கள். "பெரிய ஹோன் வாங்கினேன், முன்பு இருந்ததைவிட மோசமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களின் கதை இதுதான்.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். உதிரிப்பாகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். ஹோனிலிருந்து பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்த பிளக்கில் அளப்பார்கள். மீட்டர் 12.5 வோல்ட் காட்டும். வயர் நன்றாகத்தான் இருக்கிறது, ஹோன்தான் போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுவார்கள். அந்த அளவு பொய் சொல்லும். மின்சாரம் ஓடாதபோது துரு எதையும் தின்பதில்லை. ஹோன் கொளுவியபடியே இருக்க, வீட்டிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுப் பொத்தானை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ஹோன் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதன் இரண்டு முனைகளுக்கும் இடையில் (ஒரே முனைதான் என்றால் முனைக்கும் ஹோனின் உடம்புக்கும் இடையில்) அளந்து பாருங்கள். என்ஜின் நிறுத்தியிருக்க 11.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் வயரிங்கைக் குறைசொல்ல முடியாது. 10.5 அல்லது 9 என்று காட்டினால் ஹோனை நிரபராதி என்று விட்டுவிட்டு வழியைத் தேடுங்கள். காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தடவையில் மூன்று விநாடிக்கு மேல் அழுத்தவேண்டாம். சுருள் தொடர்ந்து ஓடுவதற்குச் செய்யப்பட்டதல்ல.

வழியைத் தேடுவது சுலபம். மீட்டரின் ஒரு முனையைப் பட்டரியின் மைனஸில் வையுங்கள். மறு முனையை ஹோனின் உடம்பில், பெயின்ட் இல்லாத இடத்தில் (இரண்டு முனை உள்ள ஹோனில் அதன் மைனஸ் முனையில்) வைத்து, ஹோனை ஒலிக்கச் செய்யுங்கள். ஏறக்குறைய பூச்சியம் காட்டவேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டுவிட்டது. பின்பு பட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஹோனின் பிளஸ் முனைக்கு அதேபோல் அளந்து பாருங்கள். அங்கே காட்டும் வோல்ட்தான் வரும் வழியில் தொலைவது. ஒற்றை முனையுள்ள ஹோன் தன் இரும்புப் பட்டை வழியாகவே எர்த் எடுக்கிறது. அந்தப் பட்டையும் போல்ட்டும் வண்டியின் தகடும் சேரும் இடத்தில் துரு ஏறினால் கதை முடிந்தது. இரண்டு முனை உள்ள ஹோனில் மறு முனைக்கு வரும் வயர் எங்கே போய் எர்த்தில் முடிகிறது என்று தேடிப் பிடியுங்கள்.

எர்த் என்று தெரிந்துவிட்டால் பட்டரியின் மைனஸைக் கழற்றிவையுங்கள், போல்ட்டைக் கழற்றுங்கள், அரத்தாளால் வெறும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துவிடுங்கள். இருபுறமும் தேய்க்கவேண்டும். பல்வாஷர் ஒன்றைப் போட்டு இறுக்கிய பிறகுதான் மேலே கிரீஸ் பூசவேண்டும். முதலில் பூசிவிட்டு இறுக்காதீர்கள். இதோடு சத்தம் திரும்பிவிட்டால் கடைக்குப் போகும் காசு மிச்சம். கல்லடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வானில் மூன்று ஹோன் மாட்டியிருந்தார்கள், மூன்றும் கம்மின. இரண்டைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, ஒரு போல்ட்டைத் தேய்த்து இறுக்கினேன். தொழிற்சாலையில் போட்ட பழைய ஹோனே தெருவெல்லாம் கேட்டது. அவர் நம்பாமல் மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தார்.

பொத்தான் பக்கம் கோளாறு என்றால் எச்சரிக்கையாக இருங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஒரு நிலையில் ஒலித்து, இன்னொரு நிலையில் ஒலிக்காமல் போனால், ஸ்டியரிங்குக்குள் இருக்கும் சுருள் நாடா அல்லது தொடுவளையம் தேய்ந்திருக்கிறது. உங்கள் காரில் ஏர்பேக் இல்லையென்றால் திறந்து துடைக்கலாம். ஏர்பேக் இருந்தால், அதாவது ஸ்டியரிங்கின் நடுவில் அதைக் குறிக்கும் எழுத்துப் பொறிக்கப்பட்டிருந்தால், அல்லது கீழே மஞ்சள் நிற வயர் உறை தெரிந்தால், கைவைக்க வேண்டாம். ஏர்பேக்கை விரிக்கும் வெடிமருந்து முகத்துக்கு நேரே இருக்கிறது. அதைக் கழற்றத் தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் சரி. இந்தப் பதிலில் நான் உங்களை வீட்டில் செய்யவேண்டாம் என்று சொல்லும் வேலை இது ஒன்றுதான்.

வயரிங் சரி, 12 வோல்ட் போய்ச் சேருகிறது, ஆனாலும் ஹோன் கம்முகிறது என்றால் பின்பக்கத்தில் ஒரு சிறு திருகாணி இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அதன்மேல் பெயின்ட் அல்லது அரக்குப் பூசியிருப்பார்கள். உள்ளே தொடுமுனை தேய்ந்து இடைவெளி மாறியிருந்தால் அந்தத் திருகாணியைச் சற்றே திருப்பித் திருத்தலாம். இருக்கும் நிலையை முதலில் ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முழுச் சுற்றில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். ஒவ்வொரு திருப்புக்கும் ஒரு சிறு ஒலி, பிறகு மீண்டும் ஒரு திருப்பு. சத்தம் தெளிந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். ஹோன் ஒரு தடவை "டிக்" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றால் தொடுமுனை திறக்காமல் ஒட்டிக்கொண்டது என்று பொருள். உடனே பொத்தானை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் சுருள் கருகிவிடும். தகட்டில் துருவால் ஓட்டை விழுந்திருந்தால் எந்தத் திருகாணியும் உதவாது. அப்போதுதான் புதிது வாங்கவேண்டும்.

என்ன வாங்குவது? என் கருத்து மாறாதது. தாழ்ந்த சுருதி ஒன்று, உயர்ந்த சுருதி ஒன்று என இரண்டும் சேர்ந்த மின்சார ஹோன் சோடி. தாழ்ந்தது 400 ஹேர்ட்ஸுக்கு, அதாவது விநாடிக்கு 400 துடிப்புக்கு, அருகிலும் உயர்ந்தது 500 ஹேர்ட்ஸுக்கு அருகிலும் இருக்கும். பெட்டியிலோ ஹோனின் முதுகிலோ அந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். ஒரே எண் கொண்ட இரண்டை வாங்கிவிடாதீர்கள். இரண்டு சுருதியும் சேரும்போது ஒலிக்கு ஒரு கனம் வருகிறது. பல சிறிய கார்களில் தொழிற்சாலையில் ஒரேயொரு உயர் சுருதி ஹோனை மட்டும் போட்டுவிடுகிறார்கள். அதனால்தான் அவை கீச்சென்று கேட்கின்றன. கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டுக்கொண்டு போகும் வானுக்குள்ளோ, லொறியின் உயர்ந்த கபினுக்குள்ளோ உயர் சுருதி அவ்வளவாக நுழையாது. தாழ் சுருதி நுழையும். மோட்டார் சைக்கிளில் திறந்தவெளியில் போகிறவரை உயர் சுருதிதான் திரும்பிப் பார்க்கவைக்கிறது. நம் வீதியில் இரண்டு வகையினரும் இருக்கிறார்கள்.

தட்டு வடிவ ஹோனா, சங்கு வடிவ ஹோனா என்றால், இடம் இருந்தால் சங்கு வடிவம். தகட்டின் துடிப்பு ஒரு சுருண்ட குழாய் வழியாக வந்து விரிந்த வாயால் வெளியேறுவதால் ஒலி உருண்டு திரண்டு வரும். தட்டு வடிவம் மெலிந்தது, எங்கும் அடங்கும், தண்ணீருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். பழுது வரும் விதத்தில் இரண்டும் ஒன்றுதான்.

பெட்டியில் போட்டிருக்கும் டெசிபல் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். எவ்வளவு தூரத்தில் அளந்தது என்று சொல்லாத எண்ணுக்குப் பொருளே இல்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. 2 மீற்றரில் 105 டெசிபல் தரும் ஹோன், 4 மீற்றரில் 99, 8 மீற்றரில் 93, 16 மீற்றரில் 87 என்று இறங்கும். கார் ஹோன்களுக்கான ஐக்கிய நாடுகளின் 28ஆம் இலக்க விதி 2 மீற்றரில் குறைந்தது 105, கூடியது 118 டெசிபல் என்று வரையறுக்கிறது. அத்துடன் ஹோன் 50,000 தடவை ஒலித்தும் தாக்குப்பிடிக்கவேண்டும் என்று கேட்கிறது. அந்தச் சோதனையில் தேறிய ஹோனின் முதுகில் வட்டத்துக்குள் ஆங்கில "ஈ" எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எனக்கு அந்த முத்திரைதான் முக்கியம். ஒரே அளவு சத்தமுள்ள இரண்டு ஹோன் சேர்ந்தால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரட்டிப்பாகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபல் கூடவேண்டும். ஆகவே ஹோனின் எண்ணிக்கையைக் கூட்டிப் பயனில்லை. இருப்பதற்கு முழு வோல்ட் கொடுத்தால் பயன் உண்டு.

இனி வயரிங். நீங்கள் கேட்டதன் சாரம் இதுதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன். பழைய வயரிலேயே புதிய சோடியைக் கொளுவ வேண்டாம். அந்த வயரும் பியூஸும் பொத்தானும் ஒரு ஹோனுக்காகக் கணக்கிட்டவை. பியூஸ் போகிறது என்று அதைவிடப் பெரிய பியூஸைப் போடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பியூஸ் காப்பது வயரை. பெரியதைப் போட்டால் பியூஸுக்குப் பதிலாக வயர் உருகும். தொழில் பழகிய காலத்தில் நானே ஒரு லொறிக்குப் பியூஸ் இல்லாமல் ஹோன் வயர் இழுத்தேன். ஒரு தகட்டின் விளிம்பில் அது உரசித் தோல் உரிந்து, கிரான் பக்கத்தில் வண்டியின் முன்பக்கமெல்லாம் புகை வந்தது. நல்லவேளையாக ஓட்டுநர் பட்டரி வயரைப் பிடுங்கிவிட்டார். அன்றிலிருந்து பியூஸ் இல்லாமல் ஒரு வயரும் நான் இழுத்ததில்லை.

செய்யவேண்டியது ரிலே போடுவது. நான்கு கால் உள்ள 12 வோல்ட், 30 அம்பியர் அல்லது 40 அம்பியர் ரிலே எல்லா இடத்திலும் கிடைக்கும். அதன் கால்களில் 30, 87, 85, 86 என்று எண்கள் பொறித்திருக்கும். 85உம் 86உம் உள்ளே இருக்கும் சிறு சுருளின் இரண்டு முனைகள். அந்தச் சுருள் ஓர் அம்பியரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கேட்பதில்லை. 30உம் 87உம் பெரிய மின்சாரம் போகும் கதவு. சுருளுக்கு மின்சாரம் வந்தால் அந்தக் கதவு மூடும், ஹோனுக்குப் பட்டரியிலிருந்து நேரே மின்சாரம் போகும். உங்கள் ஸ்டியரிங் பொத்தான் இனி அந்தச் சிறு சுருளை மட்டும் இயக்கும். அதன் தொடுமுனையில் பொறி பறந்து கருகுவதும் நின்றுவிடும்.

வண்டிக்கு வண்டி பொத்தான் பிளஸ் பக்கமா, எர்த் பக்கமா என்பது மாறும். வயரின் நிறத்தை நம்பிச் செய்தால் தவறிவிடும். அதைப் பற்றிக் கவலைப்படாமலே செய்யக்கூடிய வழி ஒன்று உண்டு. பழைய ஹோனின் பிளக்கில் இரண்டு வயர் இருந்தால், அந்த இரண்டையும் கொண்டுபோய் ரிலேயின் 85இலும் 86இலும் கொளுவிவிடுங்கள். எது எதில் என்பது பொருட்டல்ல. பழைய ஹோன் இருந்த இடத்தில் இப்போது ரிலேயின் சுருள் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஹோன் ஒலிக்கவேண்டிய நேரத்தில் சுருள் இழுக்கும். ரிலேயின் மேல் வரைந்திருக்கும் படத்தில் சுருளோடு ஓர் அம்புக்குறி போன்ற டயோட் அடையாளம் இருந்தால் மட்டும் பிளஸ், மைனஸ் பார்த்துக் கொளுவவேண்டும். அந்த வகையை வாங்காமல் விடுவதே நல்லது. பழைய பிளக்கில் ஒரே வயர் இருந்தால் அதை 86இல் கொளுவி, 85இலிருந்து ஒரு வயரை எர்த்துக்கு இழுத்துவிடுங்கள்.

பெரிய பக்கம் இப்படி. பட்டரியின் பிளஸிலிருந்து புதிய வயர் ஒன்று, 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், ரிலேயின் 30க்கு. பட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அந்த வயரில் 15 அம்பியர் பியூஸ் இருக்கவேண்டும். பியூஸைத் தள்ளி வைத்தால் பட்டரிக்கும் பியூஸுக்கும் இடைப்பட்ட வயருக்குக் காவல் இல்லை. 87இலிருந்து அதே பருமனில் ஒரு வயர் ஹோன்களின் பிளஸுக்கு, அங்கே இரண்டாகப் பிரியட்டும். ஹோன்களின் மைனஸை வண்டித் தகட்டில் நம்பி விடாமல், இரண்டிலிருந்தும் ஒரு கறுப்பு வயரை இழுத்து, பட்டரியின் மைனஸ் வயர் வண்டியில் பூட்டியிருக்கும் போல்ட்டுக்கே கொண்டுபோய்ச் சேருங்கள். கரையோர வண்டிக்கு இந்த ஒரு முழ வயர்தான் ஆயுள் காப்புறுதி.

வயரை முறுக்கி டேப் சுற்றி விடாதீர்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பொனட்டுக்கு அடியில் இருக்கும் வெக்கைக்கு டேப்பின் பசை உருகி வழியும். பின்பு வாடைக்கால மழை அதற்குள் புகுந்து செம்பு பச்சையாகிவிடும். முனைகளுக்கு அளவான செப்புக் கவ்வி போட்டு, அதற்கான குறட்டால் அழுத்தி, மேலே சூட்டில் சுருங்கும் குழாயை ஏற்றுங்கள். தகட்டு விளிம்பைத் தொடும் இடங்களில் நெளிகுழாய் போடுங்கள். ரிலேயைக் கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி, பட்டரிக்குப் பக்கத்தில் உயரமான இடத்தில் பூட்டுங்கள். கால்கள் மேலே பார்த்தால் அது தண்ணீர் நிற்கும் கிண்ணமாகிவிடும்.

ஹோனைப் பூட்டும்போது இரண்டு விஷயம். சங்கு வடிவத்தின் வாய் கீழ்நோக்கி, சற்றே முன்னோக்கிச் சரிந்து இருக்கவேண்டும். அழகுக்காக வாயை நேரே முன்னால் வைத்தால் முதல் மழையிலேயே உள்ளே தண்ணீர் தங்கும். அடுத்தது, ஹோனோடு வரும் மெல்லிய இரும்புப் பட்டையை எறிந்துவிட்டுத் தடித்த கம்பியால் இறுக்கிக் கட்டாதீர்கள். அந்தப் பட்டை வில்போல் நெகிழ்வதால்தான் ஹோன் சுதந்திரமாகத் துடிக்கிறது. உடம்பு வேறு எதிலாவது முட்டினாலும் குரல் நெரிபடும். சுற்றிவர ஒரு விரல் இடைவெளி விடுங்கள். ரேடியேட்டர் விசிறிக்கும் பெல்ட்டுக்கும் வயர் எட்டாமல் இருக்கிறதா என்று என்ஜினை ஓட்டிப் பாருங்கள். பல கார்களில் கிறில்லைக் கழற்றினாலே இடம் கிடைத்துவிடும். சிலவற்றில் முன் பம்பரின் மேல்பக்க கிளிப்களைக் கழற்றிச் சற்று இழுக்கவேண்டி வரும். பத்து வருடப் பிளாஸ்டிக் கிளிப் உடையும், நாலைந்து புதியதை முன்பே வாங்கி வையுங்கள்.

எயார் ஹோன் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம் என்பது என் பதில். அதற்குக் காற்றை அழுத்தும் தனி அமுக்கி வேண்டும், அது மட்டுமே 15 அம்பியர் அளவுக்கு எடுக்கும். பொத்தானை அழுத்தியபின் காற்று சேர்ந்து ஒலி வர ஒரு கணம் தாமதமாகும். 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 16 மீற்றருக்கு மேல் கடந்துவிடும். அவசரத்துக்கு உதவாத ஹோன் எதற்கு? பல சுருதியில் மாறி மாறிப் பாடும் வகையும் வேண்டாம். மேலே சொன்ன 28ஆம் விதி, ஹோன் ஒரே சீராகத் தொடர்ந்து ஒலிக்கவேண்டும் என்கிறது. நம் நாட்டிலும் வாகன ஹோன்களின் ஒலிக்கென்றே தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2011இல் ஒழுங்குவிதிகள் வந்திருக்கின்றன. வீதிச் சோதனையில் பொலிஸார் மறித்துக் கழற்றினால் காசும் போய் நேரமும் போகும்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிய காரணம் வேறு. பஸ் தரிப்பிடங்களில் பள்ளிப் பிள்ளைகள் வீதி ஓரத்தில் நிற்கிறார்கள். அவர்களின் காது உங்கள் ஹோனிலிருந்து ஒரு மீற்றர் தூரத்தில் இருக்கும். கல்லடிப் பாலத்தில் மாலையில் நடக்கிறவர்களும், போதனா வைத்தியசாலைக்குள் படுத்திருப்பவர்களும் அந்தச் சத்தத்தைத் தாங்கவேண்டும். பயந்து துள்ளும் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் எந்தப் பக்கம் சாய்வார் என்று யாராலும் சொல்ல முடியாது. அவருக்குக் கேட்கவேண்டும், அவர் பதறக்கூடாது. சுத்தமான வயரிங்கில் ஒலிக்கும் சாதாரண ஹோன் சோடி அதைச் சரியாகச் செய்கிறது.

மாட்டுக்கும் யானைக்கும் ஹோன் மருந்தல்ல என்பதையும் சொல்லவேண்டும். வாழைச்சேனைப் பக்கம் இரவில் தார் வீதியின் சூட்டுக்குப் படுத்திருக்கும் மாடு சத்தத்துக்கு எழும்பாது. எழும்பினாலும் உங்கள் பக்கம்தான் வரும். வேகத்தைக் குறைப்பதே வழி. அம்பாறையிலிருந்து இங்கினியாகல போகும் பாதையிலோ, பொத்துவிலைத் தாண்டி லாகுகல காட்டுப் பகுதியிலோ, வெல்லாவெளிப் பக்கத்திலோ யானை வீதியில் நின்றால் ஹோன் பொத்தானைத் தொடவே கூடாது. தூரத்திலேயே நிறுத்தி, விளக்கைத் தாழ்த்தி, அது போகும்வரை காத்திருங்கள். கிட்ட வந்தால் மெதுவாகப் பின்னால் எடுங்கள். ஹோன் அடித்து யானையைத் துரத்தப் போனவர்களின் வண்டியை நான் கராஜில் பார்த்திருக்கிறேன்.

வேலை முடிந்ததும் என்ஜினை ஓட்டியபடி, ஹோன் ஒலிக்கும்போது அதன் முனைகளில் மறுபடி அளந்து பாருங்கள். 13 வோல்ட்டுக்குக் கிட்ட இருக்கவேண்டும். ஐந்தாறு தடவை அடித்தபின் பியூஸ் தாங்கி, ரிலே, எர்த் போல்ட் மூன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். எது சூடாக இருக்கிறதோ அந்த இணைப்பை மறுபடி செய்யவேண்டும். கழற்றிய பழைய ஹோனை எறியாமல் கழுவிக் காயவைத்து டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். புரட்டாதி முடிந்து முதல் மழைக்கு முன் ஒவ்வொரு வருடமும் அந்தக் கறுப்பு வயரின் போல்ட்டை ஒரு தடவை கழற்றித் துடைத்து, இறுக்கிக் கிரீஸ் பூசிவிடுங்கள். உங்கள் காரில் ஏர்பேக் இருக்கிறதா, பழைய பிளக்கில் வயர் ஒன்றா இரண்டா, அழுத்தியபடி அளந்தபோது மீட்டர் எத்தனை வோல்ட் காட்டியது என்று எழுதுங்கள் தம்பி. அந்த எண்ணைப் பார்த்தால் நீங்கள் ஹோனே வாங்கவேண்டியதில்லை என்றுகூட நான் சொல்லக்கூடும்.